மெயில் செயலியை மாற்றிய பிறகு தடம் மாறிய ஃபில்டர்கள்: ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பக்கம் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம். ஆடிட்டர் ஒருவர், உதவியாளர்கள் ஐந்து பேர். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் விசைத்தறி, நூல் வியாபாரம், லாரி புக்கிங் செய்பவர்கள். நான் அங்கே சம்பளத்துக்கு இல்லை. கணினி, நெட்வொர்க், பிரின்டர் என்று எது படுத்தாலும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்துக் கொடுப்பேன்.

அலுவலகத்துக்கு ஒரே ஒரு பொது மெயில் முகவரிதான். வாடிக்கையாளர்கள் பில், வங்கிக் கணக்கு விவரம், கேள்விகள் என்று எல்லாவற்றையும் அதற்குத்தான் அனுப்புவார்கள். அந்தக் கணக்கு ஐமேப் முறையில் (மெயில்கள் சர்வரிலேயே இருக்கும், எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும்) மூன்று கணினிகளிலும் ஆடிட்டரின் போனிலும் திறந்திருக்கும். மூத்த உதவியாளர் உட்காரும் முன்மேசைக் கணினியில் ஆபிஸ் தொகுப்பில் வரும் மெயில் செயலியான அவுட்லுக் 2016. அதில் ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த ரூல்கள் மெயில்களைப் பிரித்து அந்தந்த ஃபோல்டரில் போட்டுவிடும். உதவியாளர்கள் தங்கள் பொறுப்பில் உள்ள ஃபோல்டரை மட்டும் பார்ப்பார்கள். இன்பாக்ஸை யாரும் திறந்து பார்ப்பதே இல்லை. அதில் 14,000 மெயிலுக்கு மேல் குவிந்திருந்தது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10, ஆபிஸ் 2016 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்தது. வாடிக்கையாளர்களின் வரிக் கணக்கு இருக்கும் இடத்தில் அப்படியே ஓட்டக் கூடாது என்று ஆடிட்டரே சொல்லிவிட்டார். புதிய கணினிகள் வாங்கினோம். ஆபிஸுக்கு வருடச் சந்தா கட்ட அவருக்கு மனமில்லை. மெயிலுக்குத் தண்டர்பேர்டு என்ற இலவசச் செயலி போதும் என்று முடிவானது. அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைச் செயல்படுத்திய விதத்தில்தான் தவறுகள்.

நவம்பர் 15, 16: ரூல்களை எண்ணிப் பார்த்தது

மாற்றத்துக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளை எடுத்துக்கொண்டேன். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலின் 11-ஆம் தேதி தாண்டிவிட்டது. வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கு 20-ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது என்பது கணக்கு.

அவுட்லுக்கிலிருந்து ரூல்களை ஏற்றுமதி செய்தால் ஒரு கோப்பு கிடைக்கும். அது அவுட்லுக்குக்கு மட்டுமே புரியும். தண்டர்பேர்டில் அதை உள்ளே இழுக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொரு ரூலாகத் திறந்து, திரையைப் படம் பிடித்து, நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் 43. அவற்றில் 11 இப்போது இல்லாத வாடிக்கையாளர்களுக்கானவை. 4 ரூல்கள் போக வேண்டிய ஃபோல்டரே இல்லாமல் சிவப்பில் நின்றன. 5 ஒன்றையே இரண்டு முறை செய்பவை. மிச்சம் 23.

அந்த 23-ஐயும் தண்டர்பேர்டில் கையால் அடித்தேன். மூன்று கணினியிலும் போட்டால் ஒரே மெயிலை மூன்றும் போட்டி போட்டு நகர்த்தும் என்பதால் முன்மேசைக் கணினியில் மட்டும். இதுவரை சரி.

ஒரு இடத்தில் சறுக்கினேன், அப்போது தெரியவில்லை. வங்கி மெயில்களுக்கான பழைய ரூல் இப்படி இருந்தது: மூன்று வங்கிகளில் எதிலிருந்தாவது வந்திருக்க வேண்டும், அதோடு தலைப்பில் ‘ஸ்டேட்மென்ட்’ அல்லது ‘அட்வைஸ்’ என்ற சொல் இருக்க வேண்டும், ‘ஓடிபி’ இருந்தால் விட்டுவிட வேண்டும். அவுட்லுக்கில் ஒரு நிபந்தனைக்குள் அடுக்கிய சொற்களில் எது இருந்தாலும் போதும். ஆனால் நிபந்தனைகள் எல்லாமே பொருந்த வேண்டும். தண்டர்பேர்டின் ஃபில்டர் சன்னலில் இரண்டையும் கலக்க முடியாது. ‘எல்லாம் பொருந்த வேண்டும்’ அல்லது ‘ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்’, இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இதைப் பல ஃபில்டர்களாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணி, களைப்பு. ‘ஓடிபி’ விலக்கை விட்டுவிட்டு, ‘ஏதாவது ஒன்று’ என்று போட்டு நகர்ந்துவிட்டேன்.

பழைய முன்மேசைக் கணினியைப் பின்னறைக்குத் தூக்கிப் போனார்கள். பழைய வருடங்களின் டேலி (கணக்கு மென்பொருள்) கணக்குகள் அதில் இருந்ததால் கழித்துக் கட்டவில்லை.

திங்கள் ஓடியது, செவ்வாய் நின்றது

திங்கட்கிழமை, 17-ஆம் தேதி, எல்லாம் ஒழுங்காக நடந்தது. மெயில்கள் அந்தந்த ஃபோல்டரில் போய் விழுந்தன. மதியம் போன் செய்து கேட்டேன். “சூப்பரா இருக்குதுங்கண்ணா” என்றார் மூத்த உதவியாளர். நானும் அந்த வேலை முடிந்ததாக நினைத்துவிட்டேன்.

அன்று கார்த்திகை 1. ஆடிட்டர் விடியற்காலையிலேயே மாலை போட்டுக்கொள்ளக் கோயிலுக்குப் போய்விட்டார். பத்து மணி வரை போனை எடுக்கவில்லை. இந்த விவரம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புதன்கிழமைதான் புரிந்தது.

செவ்வாய் மதியம் அழைப்பு வந்தது. ஒரு நூல் வியாபாரி காலையில் அனுப்பிய திருத்திய விற்பனைப் பட்டியல் ஃபோல்டரில் இல்லை. தேடிப் பார்த்தால் இன்பாக்ஸில் கிடக்கிறது. அதே வியாபாரி பதினொரு மணிக்கு அனுப்பிய இன்னொரு மெயில் ஒழுங்காக ஃபோல்டருக்குப் போயிருக்கிறது. முகவரி ஒன்றே, தலைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று போனது, ஒன்று போகவில்லை.

இன்பாக்ஸில் கிடந்த மெயில் தடித்த எழுத்தில்கூட இல்லை. ஏற்கெனவே படித்த மெயில் போல, சாதாரண எழுத்தில், பழைய குவியலோடு கலந்து நின்றது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. இதுவே ஒரு தடயம். ஆனால் அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

18 மாலை: பழையதற்கே திரும்புவதா?

மாலையில் நேரில் போனேன். ஆடிட்டருக்குக் கோபம் இல்லை, கவலைதான். “தம்பி, 20-ஆம் தேதிக்கு ரெண்டு நாள்தான் இருக்குது. பேசாம பழசையே போட்டுக் குடுத்துருங்க. மாசம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார்.

நியாயமான பேச்சு. நான் மறுத்ததற்கு இரண்டு காரணம். இரண்டு நாளாக மெயில்கள் புதிய முறையில் நகர்ந்துகொண்டிருந்தன. பழைய செயலியை அதே கணக்கின் மேல் மறுபடி ஓட விட்டால் எது எதை நகர்த்தியது என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். இரண்டாவது, என்ன தவறு என்று தெரியாமல் பின்வாங்கினால் டிசம்பரில் இதே இடத்தில் வந்து நிற்போம்.

அதற்குப் பதிலாக ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். 20-ஆம் தேதி வரை ஒரு உதவியாளர் காலையிலும் மதியத்திலும் இன்பாக்ஸை மேலிருந்து கீழாகப் படிப்பார். ஃபில்டர்களை மறுநாள் காலை மட்டும் ஓட விடுவேன், அதுவும் பதிவேட்டோடு. தண்டர்பேர்டில் ஃபில்டர் சன்னலிலேயே ஃபில்டர் பதிவேடு ஒன்று உண்டு. முன்னிருப்பாக அது அணைந்திருக்கும். இயக்கி வைத்தால் எந்த ஃபில்டர், யாருடைய மெயிலை, எத்தனை மணிக்கு, எங்கே நகர்த்தியது என்று வரிவரியாக எழுதும். சனிக்கிழமையே இதை இயக்கியிருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை. இன்பாக்ஸின் மேல் ஃபில்டர்களைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். 31 மெயில்கள் எழுந்து அவரவர் ஃபோல்டருக்குப் போயின. செவ்வாய் காலை சிக்கிய நூல் வியாபாரியின் மெயிலும் அதில் ஒன்று.

அந்த ஒரு சோதனை யூகங்களில் பாதியைத் தள்ளிவிட்டது. முகவரி பொருந்தவில்லை, தலைப்பின் எழுத்து வேறு, ஃபோல்டர் பெயர் தமிழில் இருப்பதால் சிக்கல் என்றெல்லாம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கையால் ஓட்டினால் பொருந்துகிறது என்றால் நிபந்தனை சரி. தானாக ஓட வேண்டிய நேரத்தில் அந்த மெயில்களின் மேல் ஃபில்டர் ஓடவே இல்லை.

தமிழ் ஃபோல்டர் பெயர்கள் பற்றி ஒரு சிறு குறிப்பு. தண்டர்பேர்டு ஒவ்வொரு கணக்கின் ஃபில்டர்களையும் தனியாக ஒரு எழுத்துக் கோப்பில் வைக்கிறது. அதை நோட்பேடில் திறந்தேன். ‘வங்கி’ என்று பெயர் வைத்த ஃபோல்டர் ஆம்பர்சாண்ட் (&) குறியில் தொடங்கிப் புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரிந்தது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பத்து நிமிடம் பதறினேன். ஐமேப்பில் ஃபோல்டர் பெயர்களை எழுதும் பழைய குறியாக்க முறை அது. கெட்டதல்ல, அப்படித்தான் இருக்கும்.

19 காலை: பதிவேடு சொன்னது

புதன்கிழமை ஒன்பதரைக்கு முன்மேசைக் கணினி இயங்கியது. பத்தரைக்குப் பதிவேட்டைப் படித்தேன். இரவு பத்து மணியிலிருந்து அதுவரை வந்த மெயில்கள் 38. பதிவேட்டில் இருந்தவை 19. மிச்சத்தில் எந்த ஃபில்டருக்கும் சேராதவை எட்டு. அவை இன்பாக்ஸில் இருப்பதுதான் சரி. ஆக, போயிருக்க வேண்டிய 11 மெயில்கள் பதிவேட்டில் இல்லை.

நகர்ந்த 19-இல் ஒன்று தவறான இடத்தில் இருந்தது. லாரி புக்கிங் ஆபிஸ்காரர் ஒருவர் தன் ‘பேங்க் ஸ்டேட்மென்ட்’டை இணைத்து அனுப்பியிருந்தார்; அது வங்கி அறிவிப்புகளுக்கான ஃபோல்டரில் போய் விழுந்திருந்தது. ஞாயிறு இரவு ‘ஏதாவது ஒன்று’ என்று போட்டதன் பலன். காரணம் தெரிந்ததால் அதை ஒதுக்கி வைத்தேன்.

நகராத 11 மெயில்களின் நேரத்தை ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது மெயில்கள் ஆறேமுக்காலுக்கு முன்னால் வந்தவை. அந்த ஒன்பதும் தடித்த எழுத்தில் இல்லை. மற்ற இரண்டு ஒன்பதரைக்குப் பிறகு வந்தவை. அவை இன்பாக்ஸிலேயே இல்லை. ஒரே பிரச்சினை என்று நினைத்தது இரண்டாகப் பிரிந்தது.

போனும் கணினியும்

“சார், காலையில எத்தனை மணிக்கு மெயில் பார்ப்பீங்க?” என்று ஆடிட்டரிடம் கேட்டேன். ஆறு மணிக்கு எழுந்து காபியோடு உட்கார்ந்து போனில் எல்லாவற்றையும் ஒரு புரட்டு புரட்டிவிடுவாராம். இருபது வருடப் பழக்கம். முதலில் செய்தித்தாள், இப்போது போன்.

தண்டர்பேர்டு ஐமேப் இன்பாக்ஸுக்குப் புதிதாக வரும் மெயில்களில் படிக்காதவற்றின் மேல் மட்டுமே ஃபில்டரைத் தானாக ஓட்டும். வேறொரு கருவியில் அந்த மெயில் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டால், சர்வரில் ‘படித்தது’ என்ற குறி விழுந்துவிடும். ஒன்பதரை மணிக்குக் கணினி எழுந்து பார்க்கும்போது அந்த மெயில் அதற்குப் பழைய சங்கதி.

ஊகத்தோடு விட மனமில்லை. என் சொந்த முகவரியிலிருந்து, ஒரே ஃபில்டருக்குப் பொருந்தும்படி இரண்டு மெயில் அனுப்பினேன். தண்டர்பேர்டை மூடினேன். போனில் ஒன்றை மட்டும் திறந்து படித்தேன். பிறகு தண்டர்பேர்டைத் திறந்தேன். படிக்காதது ஃபோல்டருக்குப் போனது. படித்தது இன்பாக்ஸிலேயே நின்றது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே.

அப்படியானால் ஒன்பது வருடம் எப்படி ஓடியது? ஆடிட்டரின் காபியும் போனும் அப்போதும் இருந்ததுதானே? இந்தக் கேள்விக்குப் பதில் அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ இல்லை. மூத்த உதவியாளர்தான் சொன்னார்: “அந்த மெஷின ராத்திரியும் ஆஃப் பண்ண மாட்டோமுங்கண்ணா. டேலி அதுலதான ஓடுச்சு.” பழைய கணினி இரவு பகலாக இயங்கியது. இரவு இரண்டு மணிக்கு வந்த மெயிலும் அடுத்த சில நிமிடத்தில் பிரிக்கப்பட்டுவிடும். ஆடிட்டர் ஆறு மணிக்குப் போனைத் திறக்கும்போது வேலை முடிந்திருக்கும். புதிய கணினிகள் வந்ததும், “புது மெஷின ராத்திரியெல்லாம் ஓட விடாதீங்க” என்று ஆடிட்டர் சொல்ல, மாலை ஏழு மணிக்கு அணைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ரூல்களை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிய நான், அவை ஓடிய கணினி எப்போதெல்லாம் விழித்திருந்தது என்று கேட்கவே இல்லை. திங்கட்கிழமை எல்லாம் சரியாக ஓடியது கார்த்திகை 1-இன் புண்ணியம்.

பின்னறையில் இன்னொரு கை

இன்பாக்ஸில் இல்லாத அந்த இரண்டு மெயில்களுக்கு வருவோம். அதில் ஒன்றின் கதை முந்தின நாளே தொடங்கியிருந்தது. ஒரு வாடிக்கையாளரிடம் லாரி வாடகைக் கணக்கை உதவியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி பதிவில்லாத சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிகளுக்குக் கொடுத்த வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வாடிக்கையாளரே வரி கட்ட வேண்டும். இந்தக் கணக்கு ஜிஎஸ்டி தளத்தில் தானாக வந்து நிற்காது, அவர் கொடுத்தால்தான் உண்டு. விட்டுப்போனால் பிறகு 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். “நேத்தே அனுப்பிட்டனே” என்று அவர் சொல்லி, அனுப்பியதன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டார். இன்று காலையும் ஒரு முறை அனுப்பியிருக்கிறார். இரண்டும் இல்லை.

இன்பாக்ஸ், எல்லா ஃபோல்டர்கள், ஸ்பாம், குப்பை என்று தேடினோம். வெப்மெயிலில் போய் நேரடியாகச் சர்வரில் பார்த்தோம். அங்கும் இல்லை. மெயில் சேவை தரும் நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டால், இரண்டும் வந்து சேர்ந்த பதிவு இருக்கிறது என்றார்கள். சர்வருக்கு வந்திருக்கிறது, ஆனால் சர்வரில் இல்லை. தண்டர்பேர்டின் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை. அப்படியென்றால் வேறு யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

“அந்தப் பழைய மெஷின் இப்ப ஆன்ல இருக்குதா?”

இருந்தது. செவ்வாயிலிருந்து காலையில் பழைய டேலி பார்ப்பதற்காக இயக்கியிருக்கிறார்கள். விண்டோஸ் தொடங்கும்போதே அவுட்லுக்கும் திறக்கும்படி பல வருடத்துக்கு முன் நானே வைத்தது. அதில் 43 ரூல்களும் உயிரோடு இருந்தன. முன்மேசையில் தண்டர்பேர்டும் பின்னறையில் அவுட்லுக்கும் ஒரே இன்பாக்ஸில் கை வைத்துக்கொண்டிருந்தன. எது முந்துகிறதோ அதற்கு மெயில்.

பெரும்பாலான ரூல்கள் சர்வர் ஃபோல்டருக்கே நகர்த்துபவை என்பதால் யார் நகர்த்தினாலும் ஒன்றுதான். ஆனால் லாரி வாடகை, டிடிஎஸ் (வரிப் பிடித்தம்) என்ற இரண்டு ரூல்கள் மட்டும் மெயிலைச் சர்வரிலிருந்து எடுத்து, அந்தக் கணினியின் வட்டில் இருக்கும் பிஎஸ்டி என்ற அவுட்லுக் சேமிப்புக் கோப்புக்குள் போட்டன. அஞ்சல் பெட்டிக்கு 2 ஜிபி இடம்தான் இருந்த காலத்தில் இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. இரண்டு நாளில் ஆறு மெயில்கள் அப்படிப் போயிருந்தன. இரண்டு, நாம் தேடியவை. மற்ற நான்கைப் பற்றி யாருக்கும் தெரியாது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த நான்குதான். தெரிந்த மெயிலை மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிவிடலாம். வந்ததே தெரியாத மெயிலை யாரிடம் கேட்பது?

அதே இடத்தில் பின்னறைக் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஆறு மெயில்களையும் பென்டிரைவில் எடுத்து வந்து முன்மேசையில் போட்டேன்.

19 மதியம் முதல் 20 இரவு வரை

காரணங்கள் தெரிந்த பிறகும் அன்றே சரி செய்ய முனையவில்லை. தண்டர்பேர்டின் 23 ஃபில்டர்களையும் அணைத்தேன். இரண்டு நாளைக்கு எல்லா மெயிலும் இன்பாக்ஸில்தான் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து கையால் பிரிப்பார். கெடு தேதிக்கு முந்தின நாள் அரைகுறையாக ஓடும் இயந்திரத்தைவிடக் கைவேலை மேல். உதவியாளர்களுக்குச் சலிப்புதான், ஆனால் எது எங்கே இருக்கிறது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

20-ஆம் தேதி இரவு எல்லாக் கணக்கும் தாக்கலானது. லாரி வாடகைக்காரருடையது கடைசியாகப் போனது. நூல் வியாபாரியிடம் மட்டும் ஆடிட்டர் போனில் வருத்தம் சொன்னார். அவர் ஒரே பட்டியலை இரண்டு முறை அனுப்பியிருந்தார்.

22, 23: சர்வருக்கு மாற்றியது

யார் எந்தக் கணினியை எப்போது இயக்கினாலும் அணைத்தாலும் ரூல் தன் வேலையைச் செய்ய வேண்டும் என்றால், அது கணினியில் இருக்கக் கூடாது. மெயில் வந்து சேரும் இடத்திலேயே இருக்க வேண்டும். இதற்கென்று ஒரு சிறு மொழியே உண்டு. பெயர் சிவ், அதாவது சல்லடை. 2008-இல் ஆர்எஃப்சி 5228 என்ற எண்ணில் இணையத் தர ஆவணமாக வந்த வரையறைதான் இன்றும் அடிப்படை. இவர்களுடைய சர்வரில் டவ்காட் என்ற மெயில் மென்பொருள் ஓடுகிறது. அதில் சிவ் வசதி இருந்தது, வெப்மெயிலின் அமைப்புகளில் ‘ஃபில்டர்ஸ்’ என்ற பக்கமாக. ஒன்பது வருடமாக ஒருவரும் அதைத் திறந்ததில்லை, நான் உட்பட.

சிவ் எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், அதில் மெயில் தொலைவது கடினம். எந்த விதியும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸில் இருக்கும். விதி பிழையாகி நின்றாலும் இன்பாக்ஸில் இருக்கும். ‘எல்லாம்’, ‘ஏதாவது’ இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து எழுதலாம் என்பதால் வங்கி விதி ஒரே விதியாகச் சரியாக உட்கார்ந்தது. 23 ரூல்கள் 9 ஆயின.

இடையில் ஒரு சில்லறைத் தொல்லை. ஒரு வாடிக்கையாளரின் கடைப் பெயர் புள்ளி வைத்த இனிஷியலோடு தொடங்கும். அந்தப் பெயரில் ஃபோல்டர் உண்டாக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று ஃபோல்டர் முளைத்தன. அந்தச் சர்வரில் ஃபோல்டருக்கும் உள்ஃபோல்டருக்கும் இடையிலான பிரிப்புக் குறியே புள்ளிதான். நம் ஊரில் இனிஷியல் இல்லாத கடைப் பெயர் ஏது? புள்ளியை எடுத்துவிட்டுப் பெயர் வைத்தேன்.

பழைய கணினியில் அவுட்லுக்கிலிருந்து அந்த மெயில் கணக்கையே நீக்கினேன். அணைத்து வைத்தால் போதும் என்று விடவில்லை. தண்டர்பேர்டின் ஃபில்டர்களும் போயின.

அதற்குப் பின் வந்த புகார்கள்

திங்கள், 24. “புது மெயிலே வர்றதில்லைங்கண்ணா.” வந்துகொண்டுதான் இருந்தது. முன்பு மெயில் இன்பாக்ஸுக்கு வந்து, தண்டர்பேர்டின் கண்ணெதிரே ஃபோல்டருக்கு நகரும். இப்போது சர்வரே ஃபோல்டரில் போட்டுவிடுகிறது. தண்டர்பேர்டு முன்னிருப்பாக இன்பாக்ஸை மட்டும்தான் புதிய மெயிலுக்காகப் பார்க்கும். மற்ற ஃபோல்டர்களைச் சொடுக்கினால்தான் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு ஃபோல்டரின் பண்புகளிலும், மெயில் எடுக்கும்போது இதையும் பார் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன், மூன்று கணினியிலும். வெப்மெயிலில் புதிதாக உண்டாக்கிய இரண்டு ஃபோல்டர்கள் பட்டியலிலேயே தெரியவில்லை. தண்டர்பேர்டில் அவற்றுக்குச் ‘சந்தா’ சேர்க்க, அதாவது பட்டியலில் காட்டும்படி தேர்ந்தெடுக்க, வேண்டியிருந்தது.

அடுத்த புகார் ஆடிட்டரிடமிருந்து. “தம்பி, எல்லாம் சரி. காலையில போனைத் திறந்தா இன்பாக்ஸ் காலியா இருக்குது. வாடிக்கைக்காரங்க என்ன அனுப்புனாங்கன்னு நான் எப்படிப் பார்க்குறது?” பழைய ஏற்பாட்டிலும் இரவு மெயில்கள் பிரிந்துதானே இருந்தன என்று கேட்க வாயெடுத்தேன். நவம்பரில் நடந்த கோளாறில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் வசதி அவருக்குப் பிடித்துப் போயிருக்கிறது.

இங்கேதான் ரூல் என்றால் மெயிலை நகர்த்துவது என்ற எண்ணத்தையே விட்டேன். வாடிக்கையாளர்களின் மெயில் இன்பாக்ஸிலேயே இருக்கும்; சர்வர் அதன் மேல் ஒரு குறி மட்டும் வைக்கும். தண்டர்பேர்டு அந்தக் குறியை வண்ண ‘டேக்’காகக் காட்டும், மூன்று கணினியிலும் ஒரே மாதிரி. அந்த டேக்கை வைத்துத் தேடல் ஃபோல்டர் ஒன்றை ஒவ்வொரு உதவியாளருக்கும் அமைத்துக் கொடுத்தேன். அவர்களுக்கு அது வழக்கமான ஃபோல்டர் மாதிரியே தெரியும். உண்மையில் மெயில் நகர்வதே இல்லை. வங்கி அறிவிப்பு, விளம்பரம் போன்ற இயந்திரம் அனுப்பும் மெயில்களை மட்டும் இன்பாக்ஸிலிருந்து வெளியே தள்ளினேன். இது நிலைப்பட டிசம்பர் இரண்டாவது வாரம் ஆனது.

மறுபடி செய்ய நேர்ந்தால்

மாதத்தின் 20-ஆம் தேதிக்கு முந்தைய வாரம் ஆடிட்டர் அலுவலகத்தில் எதையும் தொட மாட்டேன். 21 அல்லது 22-இல் தொடங்குவேன்.

ரூல்களைப் படம் பிடிப்பதற்கு முன், அந்த முகவரியை எந்தெந்தக் கருவி திறக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு விழிக்கிறது, யார் முதலில் படிக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுவேன். இந்த நிகழ்வில் அந்தத் தாள் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே போனும் பின்னறைக் கணினியும் அதில் இருந்திருக்கும். பழைய செயலியிலிருந்து கணக்கை நீக்குவதைக் கடைசி வேலையாக விடாமல், புதியதில் முதல் ஃபில்டரை இயக்குவதற்கு முன்பே செய்வேன். பதிவேடு முதல் நாளே ஓடும்.

அவுட்லுக்கின் ரூலைத் தண்டர்பேர்டில் வரிக்கு வரி பெயர்த்து எழுதியதும் தவறான தொடக்கம்தான். 43-இல் 20 செத்தவை என்று தெரிந்தபோதே, மிச்சம் 23 எதற்காக எழுதப்பட்டவை என்று உதவியாளர்களைக் கேட்டிருந்தால் 9-க்கு அன்றே வந்திருப்பேன்.

ஒன்று இன்னும் தீரவில்லை. சில வாடிக்கையாளர்களின் கணக்குப்பிள்ளைகள் மெயிலைத் தங்கள் சொந்த முகவரியிலிருந்து ஃபார்வர்டு செய்கிறார்கள். தலைப்பும் இருக்காது, இணைப்பின் பெயர் எண்ணாக மட்டும் இருக்கும். எந்த விதியும் அதைப் பிடிக்கவில்லை. மூத்த உதவியாளர் தினமும் பதினொரு மணிக்கு இன்பாக்ஸை ஒரு முறை கண்ணால் பார்த்து, அவற்றுக்குக் கையால் டேக் போடுகிறார்.